ஐநூறு வெள்ளி கம்ப்யூட்டர்லயும் காடி ஓடும் ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு எஸ்டேட்ல செம்பனை குலை ஏத்துற லோரி ஓட்டுறவன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எழுதிப் பழக்கம் கிடையாது, இதையும் ஃபோன்லதான் தட்டிக்கிட்டு இருக்கேன், பிழை கிழை இருந்தா நீங்களே திருத்திக்குங்க. போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் மாணவர் பக்கத்துல கம்ப்யூட்டர்ல ரேஸ் காடி ஓட்டுற கேம் பத்தி ஒருத்தர் எழுதியிருந்தாரு. சும்மா பட்டன அமுக்கி பறக்கறது இல்ல, நெஜ காடி மாதிரியே டயர் வழுக்கும், பிரேக் பூட்டிக்கும், சிமுலேட்டர்னு பேருன்னு நல்லாத்தான் விளக்கியிருந்தாரு. ஆனா கடைசியில என்ன கம்ப்யூட்டர் வாங்கணும்னு ஒரு கட்டம் கட்டி விலையோட போட்டிருந்தீங்க பாருங்க, அதை ஒட்டுக்கடையில உக்காந்து படிக்கறேன், பக்கத்துல இருந்த கூட்டாளி எட்டிப் பாத்துட்டு "இது என் மூணு மாச சம்பளம்லா"ன்னு சொல்லிட்டு பேசாம ரொத்தி சானாயை பிச்சுக்கிட்டு இருந்தாரு.

அன்னிக்கு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் அந்தக் கட்டத்தை மட்டும் கத்தரிச்சு எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டான். "அங்கிள், எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல இதெல்லாம் ஓடவே ஓடாதாமே"ங்கறான். அவங்க வீட்ல இருக்கறது ஏதோ ஆபிஸ்ல கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டர், அப்பா ஈப்போல வாங்கிட்டு வந்தது. நான் சொன்னேன், தம்பி அந்தத் தாள்ல போட்டிருக்கற கேம் ஓடாது, ஆனா ரேஸ் கேமே ஓடாதுன்னு எவன் சொன்னான், உள்ள வா காட்டறேன்னு. அவனுக்கு காட்டினதைத்தான் உங்களுக்கும் எழுதறேன், ஏன்னா இந்த ஊர்ல அந்த மாதிரி கம்ப்யூட்டர் வச்சிருக்கற பிள்ளைங்கதான் ஜாஸ்தி, புதுசு வச்சிருக்கற பிள்ளைங்கள விரல் விட்டு எண்ணிடலாம்.

விஷயம் ஒண்ணுதான் ஐயா. பழைய கம்ப்யூட்டருக்கு புது கேம் தேடக்கூடாது. அந்த கம்ப்யூட்டர் கடையில புதுசா இருந்தப்ப எந்த கேம் வந்துச்சோ, அதுக்கும் அஞ்சாறு வருஷம் முந்தி வந்ததைத் தேடணும். மத்த கேமுக்கு இப்படிச் சொன்னா பிள்ளைங்க மூஞ்சிய சுளிப்பாங்க, பழசு பாக்க அசிங்கமா இருக்கும்பாங்க. ஆனா காடி சிமுலேட்டர்ல ஒரு வசதி இருக்கு. காடி எப்படி நடந்துக்கும்ங்கற கணக்கை ப்ராசசர் போடுது, கண்ணுக்கு தெரியற படத்தை கிராஃபிக்ஸ் போடுது. ஆபிஸ்லேந்து வர்ற மெஷின்ல கிராஃபிக்ஸ்தான் நோஞ்சான், ப்ராசசர் பரவால்ல. கணக்கு நல்லா போட்டு படம் சுமாரா இருக்கற கேம் 2003லேந்து 2008 வரைக்கும் வரிசையா வந்துச்சு, இன்னிக்கும் அதுல ஓட்டறவங்க இருக்காங்க.

எங்க வீட்டு மெஷின் என்னன்னு சொல்லிடறேன். இன்டெல் ஐ5 2400, 2011ல வந்த ப்ராசசர், தனியா கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, உள்ளுக்குள்ளயே இருக்கற இன்டெல் எச்டி 2000, நாலு ஜிபி ரேம். ஸ்க்ரீனோட சேத்து ஐநூறு வெள்ளிக்குள்ள முடிஞ்சிடுச்சு. மகன் ஃபார்ம் ஃபோர் படிக்கிறான், பள்ளிக்கூட வேலைக்குன்னுதான் வாங்கினேன், சத்தியமா.

முதல்ல போட்டது லைவ் ஃபார் ஸ்பீட். மூணே பேர் சேந்து ஆரம்பிச்சது, 2003லேந்து காசுக்கு விக்கறாங்க, இன்னும் விடாம அப்டேட் பண்ணிக்கிட்டே இருக்காங்க. இதோட டெமோவுக்கு காசே வேணாம், நாள் கணக்கும் கிடையாது, பிளாக்வுட்னு ஒரு டிராக், மூணு காடி. அதுல எக்ஸ்எஃப் ஜிடிஐன்னு சின்ன காடி ஒண்ணு, முன் சக்கரம் இழுக்கறது, நம்ம ஊர்ல பாதி வீட்டு வாசல்ல நிக்கற காடி மாதிரிதான். இன்டர்நெட்ல இறக்கவும் லேசு. இங்க எங்களுக்கு லைன் எப்படின்னு உங்களுக்குத் தெரியும், ஃபோன்ல ஹாட்ஸ்பாட் போட்டு சன்னல்கிட்ட வச்சாத்தான் ரெண்டு கோடாவது வரும், அதுல ஃபோர்ஸா ஹொரைசன் 5 மாதிரி நூத்திப்பத்து ஜிபி கேமை இறக்க ஆரம்பிச்சா என் மகன் எஸ்பிஎம் பரீட்சையே எழுதி முடிச்சிடுவான்.

என் மகன் முதல் நாள் ஓட்டினதை சொல்லியே ஆகணும். நேர் ரோட்டுல நல்லா விட்டுக்கிட்டு வர்றான், வளைவு வந்ததும் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் ஒண்ணா அமுக்கறான், காடி திரும்பவே இல்ல, நேரா புல்லுல போய் நிக்குது. மறுபடியும் வர்றான், மறுபடியும் புல்லு. "ப்பா, கேம் கெட்டுப் போச்சு"ங்கறான். கேம் கெடலடா, நீதான் பத்து டன் குலைய ஏத்திக்கிட்டு இறக்கத்துல திருப்பற மாதிரி திருப்பறேன்னேன். நேரா இருக்கும்போதே பிரேக்கை அடிச்சு முடி, வெயிட்டு எல்லாம் முன் டயருக்கு வந்து உக்காரும், அப்ப பிரேக்கை மெதுவா விட்டுக்கிட்டே திருப்பு, விட்டுட்டு அல்ல, விட்டுக்கிட்டே. நாலாவது தடவை திரும்பிடுச்சு. அந்த நேரம் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு ஐயா, ஏன்னா இது எனக்கு லோரி கத்துக்குடுத்த டிரைவர் அண்ணன் செம்மண் ரோட்டுல வச்சு திட்டித் திட்டி சொன்ன பாடம், அதை மூணு பேர் எங்கயோ உக்காந்து கணக்கா எழுதி வச்சிருக்கானுங்க, அது இந்த ஐநூறு வெள்ளி டப்பாவுல ஓடுது.

அதுல எஃப்9 அமுக்கினா நாலு டயரும் எவ்வளவு சூடுன்னு கலர்ல காட்டும். பிரேக்கை பூட்டி இழுத்தீங்கன்னா டயர்ல அந்த எடம் மட்டும் தட்டையா தேஞ்சுடும், அப்புறம் ஒவ்வொரு சுத்துக்கும் ஸ்டியரிங் தடதடன்னு ஆடும். பையன் ஒரு வாரம் அந்தக் கலரையே பாத்துக்கிட்டு இருந்தான், வலது முன் டயர் மட்டும் ஏன்ப்பா சிவக்குதுன்னு கேட்டு கேட்டு, கடைசியில அவனே ஒரு பேப்பர்ல டிராக்கை வரைஞ்சு, பெரிய வேக வளைவு எல்லாம் எந்தப் பக்கம்னு எண்ணிப் பாத்து கண்டுபிடிச்சான்.

ஸ்டியரிங் இல்லாத பிள்ளைங்களுக்கும் இதுல வழி இருக்கு, மவுஸ்லயே திருப்பலாம். சிரிக்காதீங்க, மவுஸ் வச்சே ஆன்லைன்ல நல்லா ஓட்டறவங்க இருக்காங்க. கீபோர்டை விட நூறு மடங்கு மேல், கீபோர்டு ஒண்ணு முழுசா திருப்பும் இல்லைன்னா விட்டுடும், நடுவுல ஒண்ணும் கிடையாது.

அடுத்தது ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி. ராலின்னா மண் ரோடு, மலை ரோட்டுல ஒவ்வொரு காடியா நேரம் பாத்து விடற பந்தயம். இதுக்குத்தான் நான் ராத்திரி முழிச்சிருக்கறது. ரிச்சர்ட் பர்ன்ஸ் 2001ல உலக ராலி சாம்பியன், பாவம் 2005ல 34 வயசுலயே நோய்ல இறந்துட்டாரு. அவர் பேர்ல 2004ல வந்த கேம், செஞ்ச கம்பெனி மூடி பல வருஷமாச்சு, ஆனா ராலி பைத்தியம் புடிச்சவனுங்க சும்மா விடல, டயர் கணக்கை திருத்தி, புது ரோடு புது காடி எல்லாம் சேத்து இன்னிக்கு வரைக்கும் உயிரோட வச்சிருக்கானுங்க. மண் ரோட்டை இவ்வளவு சரியா காட்டற கேம் நான் இன்னும் பாக்கல. எஸ்டேட் ரோட்டுல மழை விட்ட மறுநாள் மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் இருக்கும், பிரேக் அடிச்சதும் லோரி ஒரு நொடி யோசிக்கும் பாருங்க, அந்த ஒரு நொடி இதுல இருக்கு. ஆனா ரொம்ப கோவக்கார கேம், மரத்துல ஒரு தடவை பலமா இடிச்சா ரேடியேட்டர் போச்சு, அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது. உள்ள ராலி ஸ்கூல்னு ஒண்ணு இருக்கு, அதைத் தாண்டிட்டு நேரா ஸ்டேஜுக்கு, அதான் பந்தய ரோட்டுக்கு, போற பிள்ளைங்க அழுதுக்கிட்டேதான் வெளிய வரும். நம்ம நாட்டு கரம்ஜிட் சிங் 2002ல புரோட்டோன் பெர்ட் காடிய வச்சுக்கிட்டு உலக ராலில, கடையில விக்கற காடியத் திருத்தி ஓட்டற ப்ரொடக்‌ஷன் பிரிவு சாம்பியன் ஆனாரு, இன்னிக்கு பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு அது தெரியும்னு நீங்களே ஒரு தமிழ்ப்பள்ளியில போய் கேட்டுப் பாருங்க. அவரைப் பத்தி எழுதிட்டு பக்கத்துலயே இந்த கேமைப் பத்தியும் போட்டா எவ்வளவு பொருத்தமா இருக்கும்.

இப்ப செப்பாங் கதை. 2001 மார்ச் மாசம் எஃப் ஒன் பாக்க நானும் மூணு கூட்டாளிங்களும் ஒரு வேன் புடிச்சு போனோம், புல்லு மேட்டு டிக்கெட், தலைக்கு மேல ஒண்ணும் கிடையாது. ஆரம்பிச்சு மூணாவது லேப்ல, அதாவது மூணாவது சுத்துல, பேஞ்சுது பாருங்க மழை, நம்ம ஊர் மழை, ரெண்டு ஃபெராரியும் ஒரே எடத்துல சறுக்கி வெளிய போயிடுச்சு. முடிஞ்சுதுடா ஷூமாக்கர் கதைன்னு நாங்க குடைக்குள்ள நின்னுக்கிட்டு பேசறோம், டயர் மாத்தற பிட் எடத்துல வேற நேரமாச்சு, ஆனா மத்தவன் எல்லாம் முழு மழை டயர் மாட்டினப்ப இவங்க மட்டும் அரை மழை டயர் மாட்டி விட்டானுங்க, ரோடு காய காய ஒவ்வொருத்தனா தாண்டி ஒண்ணாவது ரெண்டாவதுன்னு முடிச்சானுங்க. நனைஞ்சு நடுங்கிக்கிட்டு ஊர் வந்து சேர விடியக்காலை ஆயிடுச்சு, அந்த வாரம் முழுக்க காய்ச்சல், ஆனா இன்னிக்கும் கண்ணுல நிக்குது.

எதுக்கு சொல்றேன்னா எஃப்1 சேலஞ்ச் 99-02ன்னு 2003ல ஒரு கேம் வந்துச்சு, அந்த நாலு வருஷ சீசனும் அதுல இருக்கு, 1999ல செப்பாங்ல முதல் தடவை ஓடினதுலேந்து நான் நனைஞ்ச 2001 வரைக்கும். என் மகனுக்கு செப்பாங்ல எஃப் ஒன் ஓடினதே சரியா ஞாபகம் இல்ல, 2017ஓட நிறுத்திட்டாங்களே. அவனை அதுல உக்கார வச்சு அஞ்சரை கிலோமீட்டர் டிராக்கையும் சுத்த விட்டு, கடைசியில இருக்கற ரெண்டு நீள நேர் ரோட்டையும் நடுவுல அப்படியே திரும்பி வர்ற அந்த ஹேர்பின் வளைவையும் காட்டினேன். இந்த கேமை இப்ப எந்தக் கடையிலயும் புதுசா வாங்க முடியாது, பழைய சிடி யார்கிட்டயாவது இருந்தாத்தான் உண்டு. அந்தக் காலத்துல பாசார் மாலாம்ல அஞ்சு வெள்ளிக்கு என்னென்ன சிடி வாங்கினோம்ங்கறதை பேப்பர்ல எழுத வேணாம்னு விடறேன்.

சிடின்னு சொன்னதும் ஒண்ணு. பழைய ஒரிஜினல் சிடி போட்டா புது விண்டோஸ்ல நிறைய ஓடாது, சிடி கெட்டுடுச்சுன்னு தூக்கிப் போடாதீங்க. காப்பி அடிக்காம இருக்க அப்ப சேஃப்டிஸ்க்னு ஒரு பூட்டு போட்டு வித்தாங்க, அந்தப் பூட்டு ஆபத்துன்னு விண்டோஸ் 10 வந்தப்பவே மைக்ரோசாஃப்ட் அதை உள்ள விடறதை நிறுத்திடுச்சு. விண்டோஸ் எக்ஸ்பி இருக்கற கிழட்டு கம்ப்யூட்டர் பரண்ல கெடந்தா அதை இறக்கி, இன்டர்நெட் கேபிளை மட்டும் சொருகாம, சிடிய போட்டுப் பாருங்க, அப்படியே ஓடும். புது கம்ப்யூட்டரால முடியாததை பழசு செய்யற எடம் இது.

அந்த செப்பாங் கேமை செஞ்ச அதே ஐஎஸ்ஐ கம்பெனிதான் 2005ல ஆர்ஃபாக்டர் விட்டாங்க. இதுல ஆளாளுக்கு காடியும் டிராக்கும் செஞ்சு சேக்கலாம், கடல் மாதிரி கெடக்கு, ஆனா பாதிக்கு மேல குப்பை, பொறுக்கி எடுக்க பொறுமை வேணும். அதே இஞ்சின் (காடி இஞ்சின் இல்ல, கேமை ஓட்டற அடிப்படை ப்ரோக்ராம்) குடும்பத்துல ஸ்வீடன் சிம்பின்காரங்க 2005ல ஜிடி லெஜண்ட்ஸ், 2006ல ஜிடிஆர் 2 செஞ்சாங்க. ஒண்ணே ஒண்ணு காசு குடுத்து வாங்கணும்னா நான் ஜிடிஆர் 2தான் சொல்லுவேன். ஓட்டத் தெரியாதவனுக்கு வளைவு வளைவா சொல்லிக்குடுக்க டிரைவிங் ஸ்கூல் இருக்கு, மழை இருக்கு, பகல் மங்கி ராத்திரி ஆகறது இருக்கு, எங்க மெஷின்ல கூட பத்துப் பன்னெண்டு காடியோட இழுக்காம ஓடுது. ஜிடி லெஜண்ட்ஸ்ல அறுபது எழுபதுல ஓடின பழைய காடிங்க, மினி கூப்பர் எல்லாம் இருக்கு, என் மாமனாருக்கு அதை காட்டினப்ப எங்க பெரிய தொரை வச்சிருந்தாருன்னு ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் பேசினாரு.

1998ல வந்த கிராண்ட் பிரிக்ஸ் லெஜண்ட்ஸ் பத்தியும் ஒரு வார்த்தை. 1967 எஃப் ஒன் காடிங்க, இறக்கை கிடையாது, அழுத்திப் புடிக்க ஒண்ணும் இல்ல, முதல் நாள் முழுக்க பம்பரம் மாதிரி சுத்தத்தான் செய்வீங்க. இப்ப உள்ள விண்டோஸ்ல ஓட வைக்க ஒட்டு வேலை நிறைய. ஆனா 2010 வாக்குல பிள்ளைங்களுக்கு 1மலேசியா நெட்புக்னு குடுத்தாங்களே, அந்த மாதிரி பத்து இன்ச் ஸ்க்ரீன், இன்டெல் ஆட்டம்னு பேர் வச்ச நோஞ்சான் ப்ராசசர் மெஷினைத்தான் வச்சிருக்கேன்னு யாராவது சொன்னா, அதுக்கு இந்தக் காலத்து கேம்தான் சரி. ஜிடிஆர் 2 அதுல கனவு.

மேல் எல்லை எதுன்னா அசெட்டோ கோர்சா. 2014 கடைசியில வந்துச்சு, இத்தாலிக்காரங்க கூனோஸ். இதுலேந்துதான் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேணும். எச்டி 2000ல நான் போட்டுப் பாத்தேன், டிராக்ல தனியா ஒரு காடிய விட்டா ஃபிலிம் ரோல் விட்டு விட்டு ஓடற மாதிரி ஓடுது, பத்து காடி போட்டா ஃபோட்டோ பாக்கற மாதிரி. பிரேசில்காரங்க 2016ல விட்ட ஆட்டோமொபிலிஸ்டா முதல் பாகம் கொஞ்சம் பரவால்ல, அது அந்த பழைய ஆர்ஃபாக்டர் இஞ்சினைத்தான் திருத்தி செஞ்சது. பசங்க ஃபோன்ல வீடியோ பாத்துட்டு பீம்என்ஜி கேப்பானுங்க, லோரி மலையிலேந்து உருண்டு நசுங்கறதை பாக்க. அது தகரத்தோட ஒவ்வொரு மூலையையும் தனித்தனியா கணக்கு போடற கேம், பழைய ப்ராசசர் மூச்சு வாங்கி விழுந்துடும்.

கார்டு பத்தி நான் ஏமாந்த கதையையும் எழுதிடறேன், அடுத்தவங்களாவது தப்பிக்கட்டும். அசெட்டோ ஆசையில ஒரு கடைக்குப் போனேன், பேர் வேணாம். ஆபிஸ் மெஷின் டப்பா ஒல்லி, பவர் சப்ளையும் சின்னது, அதுக்கு ஏத்த மாதிரி ஒல்லியான, தனி கரண்டு வயர் கேக்காத கார்டுன்னா ஜிடி 1030ன்னு பையன் சொல்லி அனுப்பினான், 2017ல வந்தது. கடைக்காரத் தவுக்கே எடுத்துக் குடுத்தாரு, டப்பால ஜிடி 1030, 2 ஜிபின்னு சரியாத்தான் இருந்துச்சு, காசு குடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து மாட்டினா எதிர்பாத்த அளவுக்கு இல்ல. அப்புறம்தான் தெரியுது, அதே பேர்ல ரெண்டு கார்டு இருக்கு, முதல்ல வந்தது ஜிடிடிஆர் 5 மெமரி, அடுத்த வருஷம் சத்தமில்லாம விட்டது டிடிஆர் 4 மெமரி. பேர் ஒண்ணு, ஆனா மெமரி வேகம் முன்னதுல நொடிக்கு 48 ஜிபி, பின்னதுல 17 கூட இல்ல, மூணுல ஒரு பங்கு. டப்பா மூலையில எறும்பு சைஸ்ல எழுதியிருக்கான். திருப்பிக் குடுக்கப் போனா டப்பா பிரிச்சாச்சு முடியாதுன்னுட்டாரு. ஆக வாங்கறவங்க "2 ஜிபி கார்டு"ங்கற பேச்சுக்கு மயங்காதீங்க, எத்தனை ஜிபிங்கறது டேங்கி சைஸ், பைப்பு எவ்வளவு பெருசுன்னு கேளுங்க.

அதுக்கு முந்தி செலவில்லாம செய்யக்கூடியது இருக்கு. உள்ளயே இருக்கற கிராஃபிக்ஸுக்கு சொந்த மெமரி கிடையாது, கம்ப்யூட்டர் ரேம்லதான் கடன் வாங்கும், ரேம் ஒத்தைக் கட்டையா இருந்தா ஒரே வழியில போய்ட்டு வரும், அதே மாதிரி இன்னொரு கட்டை போட்டா ரெண்டு வழி. நாங்க முப்பது வெள்ளிக்கு பழைய நாலு ஜிபி ஒண்ணு வாங்கி சொருகினதுல ஜிடிஆர் 2 அவ்வளவு தெளிஞ்சுது. செட்டிங்ல முதல்ல நிழலை அணைங்க, அடுத்து கண்ணாடியை அணைங்க, கண்ணாடின்னா பின்னாடி வர்ற காடி தெரியற கண்ணாடி, அதுக்காக முழு படத்தையும் இன்னொரு தடவை வரையுது பாவம் அந்த மெஷின். அப்புறமும் இழுத்தா ஒரு சோதனை: ரெசொலூஷனை, அதான் படத்துல எத்தனை புள்ளிங்கறதை, நல்லா குறைச்சுப் பாருங்க. வேகம் கூடிச்சுன்னா கிராஃபிக்ஸ்தான் திணறுது, அப்படியே விட்டுடுங்க. கூடவே இல்லைன்னா ப்ராசசர் திணறுது, எதிர்ல ஓடற காடி எண்ணிக்கையை குறைங்க, இருபதுக்கு எட்டு போதும். படம் அழகா இருக்கணும்னு நொடிக்கு 25 ஃப்ரேம்ல, அதாவது 25 படத்துல, ஓட்டாதீங்க, கை திருப்பினதுக்கும் காடி திரும்பறதுக்கும் நடுவுல தாமதம் வரும், பிரேக் எங்க அடிக்கணும்னு கத்துக்கவே முடியாது. ஏறி இறங்காம ஒரே சீரா 60 வந்தா உத்தமம்.

லேப்டாப்காரங்களுக்கு வேற நோய். முதல் அஞ்சு லேப் நல்லா ஓடிட்டு ஆறாவது லேப்ல இழுக்க ஆரம்பிச்சா அது கேம் குத்தம் இல்ல, சூடு. என் தங்கச்சி மகன் லேப்டாப்பை பிரிச்சா ஃபேனுக்கும் அந்த தகர சல்லடைக்கும் நடுவுல தூசி இலவம்பஞ்சு மெத்தை மாதிரி அப்பி இருக்கு, உள்ள ரெண்டு செத்த எறும்பு, ஒரு பல்லி முட்டை ஓடு. அதை எடுத்துப் போட்டு ப்ராசசர் மேல சூட்டைக் கடத்தற புது பேஸ்ட் தடவினோம், அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் ஓடினாலும் மூச்சு வாங்கல. சார்ஜரை சொருகாம ஓட்டினாலும் தானா வேகத்தை குறைச்சுக்கும், அதையும் பாத்துக்குங்க.

காசு குடுத்து வாங்கறவங்களுக்கு இன்னொண்ணு, ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையில வாங்கறதா இருந்தா விண்டோஸ் 7ல 2024 ஜனவரிலேந்து ஸ்டீம் ஆதரவு கிடையாது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபரோட மைக்ரோசாஃப்ட் வழக்கமான அப்டேட்டை நிறுத்திட்டாங்க, ஐ5 2400 மாதிரி மெஷின்ல 11ஐ முறைப்படி போடவும் முடியாது. கேம் விளையாட பரவால்ல, ஆனா அதே மெஷின்ல பேங்க் வேலை பாக்காதீங்க. லைவ் ஃபார் ஸ்பீட், அப்புறம் இலவசமா கெடைக்கற டார்க்ஸ், ஸ்பீட் ட்ரீம்ஸ் இதுக்கெல்லாம் ஸ்டீமே வேணாம், அந்த ரெண்டும் லினக்ஸ்லயும் ஓடும்.

ஸ்டியரிங் நாங்க போன வருஷம்தான் வாங்கினோம், பழைய லாஜிடெக் டிரைவிங் ஃபோர்ஸ் ஜிடி, 900 டிகிரி சுத்தும், நூத்தி ஐம்பது வெள்ளி. பிளாஸ்டிக்ல அரை வட்டம் மட்டும் சுத்தற பொம்மை ஸ்டியரிங்க நூறு வெள்ளிக்கு புதுசா வாங்கறதுக்கு மவுஸே மேல். மாட்ட மேசை இல்ல. எங்கம்மாவோட பழைய தையல் மெஷின் மேசை, மெஷினை உள்ள மடக்கிட்டு பலகையில கிளாம்பு போட்டு முறுக்கினேன், இரும்பு கால், அசையல. பெடல்தான் தரையில வழுக்கிக்கிட்டு ஓடுச்சு, பிரேக்கை மிதிச்சா பெடலே அந்தப் பக்கம் போய் நிக்குது. கிழிஞ்ச லோரி டியூப்பை வெட்டி அடியில ஒட்டி, பின்னாடி சுவர் வரைக்கும் ஒரு பலகை குடுத்ததும் நின்னுது. கீழ தையல் மெஷினோட மிதி இன்னும் இருக்கு, பையன் அவசரத்துல அதை மிதிச்சிட்டு பிரேக் வேலை செய்யலங்கறான்.

யூரோ டிரக் சிமுலேட்டர் 2 பத்தி கேப்பாங்க, 2012ல வந்தது, எங்களுதுக்கு அடுத்த தலைமுறை இன்டெல் எச்டி 4000 இருந்தாலே வந்த புதுசுல குறைஞ்ச செட்டிங்ல ஓடுச்சு. ரேஸ் இல்ல, ஆனா நல்ல கேம். நான் ரெண்டு நாள் ஓட்டினேன், வீட்டுக்காரம்மா "பகல் பூரா லோரி, ராத்திரியும் லோரியா, அதுக்கு ஓவர்டைம் காசாவது குடுக்கறானா"ன்னு கேட்டதோட நிறுத்திட்டேன்.

ஐயா, என் கோரிக்கை பெருசில்ல. புது கேம் பத்தி எழுத வேணாம்னு சொல்லல, எழுதுங்க. அந்த விலைக் கட்டத்துக்கு பக்கத்துல இன்னொரு சின்னக் கட்டம் போடுங்க: தனி கார்டு இல்லாத மெஷின்ல எது ஓடும், எத்தனை ஜிபி இறக்கணும், ஸ்டீம் வேணுமா வேணாமா, இந்த மூணு மட்டும். அந்தக் கட்டத்தைக் கத்தரிச்சு எடுத்துக்கிட்டு ஒரு பையன் எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கட்டும், சந்தோஷமா கதவ திறப்பேன்.

இப்படிக்கு,
ஒரு லோரி டிரைவர்,
சுங்கை சிப்புட், பேராக்.

பி.கு: பழைய ஸ்டியரிங்ல பெடலை மிதிக்காமலே காடி தானா பிரேக் புடிச்சா, இல்ல கேஸ் விட்டு விட்டு வந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. பெடலுக்கு உள்ள ரேடியோ வால்யூம் திருகு மாதிரி ஒண்ணு இருக்கும், அதுல தூசி. எலக்ட்ரிக் கடையில கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கேட்டு வாங்கி ரெண்டு சொட்டு அடிச்சு, இருபது தடவை மிதிச்சு விடுங்க. எங்களுது அப்படித்தான் நூத்தி ஐம்பதுக்கு வந்துச்சு, வித்தவன் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு வித்தான்.